அட்டையில் அச்சாகாத பாதி வசனம்

என் பெரியம்மாவின் வேதாகமத்துக்குள், யாத்திராகமம் பதினைந்தாம் அதிகாரத்தில், உள்ளங்கை அகலமுள்ள ஓர் அட்டை பல ஆண்டுகளாக இருக்கிறது. ரோஜாப் பூவும் நீர்வீழ்ச்சியும் அச்சிட்ட அட்டை. அதன்மேல் பொன்னிற எழுத்தில் "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்று மட்டும் இருக்கும். பரிகாரி என்றால் நோயைத் தீர்ப்பவர். டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டைத் தாண்டியதும், தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வழக்கம். கைக்கு வந்த வசனம் அந்த ஆண்டு முழுவதற்கும் கர்த்தர் தமக்கென்று தனியாகச் சொன்ன வார்த்தை என்பது எடுத்தவரின் நம்பிக்கை. பெரியம்மாவுக்கு அந்த ஆண்டு இது வந்தது. அப்போது அவருக்குச் சர்க்கரை நோய் கண்டு பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜனவரி முடிவதற்குள் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு அது தெரியவந்தபோது ஆகஸ்டு ஆகியிருந்தது. செருப்பு வார் உரசி இடது காலின் இரண்டாம் விரலில் வந்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, சேலைக் கரை மறைக்கும்படி நடந்து பழகியிருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது முதலில் வந்தது வாடைதான். துணியை அவிழ்க்கச் சொன்னேன். விரல் நுனி கறுத்து, பக்கவாட்டில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. வலிக்கவே இல்லை என்றார். வலிக்காததைச் சுகமாவதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் வலி தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எய்யா, நானே பரிகாரின்னு அவரே சொல்லியாச்சு. அதுக்கு மேலயும் மாத்திரையப் போட்டா அவர நம்பலன்னுதான அர்த்தம்? எழுதியிருக்கத எழுதியிருக்கபடியே நம்பணும்" என்றார்.

அந்த "எழுதியிருக்கபடியே" என்ற சொல்லோடுதான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு வழக்கு.

எழுதியிருக்கிறபடியே பார்க்கலாம் என்று அவருடைய வேதாகமத்தையே எடுத்து அந்த அதிகாரத்தை வாசித்தேன். அட்டையில் இருந்தவை ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசி நான்கு சொற்கள். அந்த வாக்கியம் "நீ உன் தேவனாகிய கர்த்தரின் சத்தத்தைக் கவனமாய்க் கேட்டு" என்று தொடங்கி, "அவருடைய நியமங்கள் யாவையும் கைக்கொண்டால்" என்ற நிபந்தனையைத் தாண்டி, எகிப்தியருக்கு வரப்பண்ணின வியாதிகளில் ஒன்றையும் உனக்கு வரப்பண்ணேன் என்று சொன்ன பிறகே பரிகாரியிடம் வந்து சேருகிறது. சொல்லப்பட்டது சமுத்திரத்தைக் கடந்து, மூன்று நாள் தண்ணீர் கிடைக்காமல் நடந்து, மாராவுக்கு வந்தும் தண்ணீர் கசப்பாயிருந்ததால் முறுமுறுத்த இஸ்ரவேலர் கூட்டத்துக்கு. அதற்கு முந்தின வசனத்தில், கர்த்தர் மோசேக்கு ஒரு மரத்தைக் காண்பிக்கிறார். அதை அவன் தண்ணீரில் போட்டவுடனே தண்ணீர் மதுரமாகிறது. தம்மைப் பரிகாரி என்று சொல்லிக்கொள்வதற்குச் சற்று முன்புதான் ஒரு மரத்தைக் கொண்டு தண்ணீரைக் குணப்படுத்தியிருக்கிறார் என்று பெரியம்மாவுக்கு விளக்கினேன். பரிகாரி என்ற சொல்லையும் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரைப் பரியாரி என்பார்கள். எபிரேய மூலத்தில் அங்கே நிற்கும் சொல்லும் வைத்தியரைக் குறிப்பதே. இன்றைய இஸ்ரேலில் மருத்துவரை ரோஃபே என்று அழைப்பது அச்சொல்லால்தான். வைத்தியர் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவருக்கு வைத்தியத்தின்மேல் என்ன பகை இருக்க முடியும் என்று கேட்டேன்.

வாதத்தில் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் எதையோ கைக்கொள்ளாமப் போயிருக்கேன். அதான் காலு இப்பிடி ஆயிட்டு" என்றார்.

அட்டை வெட்டிப் போட்ட "கைக்கொண்டால்" என்ற சொல்லை நான் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன்; அதையும் அவர் எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்டார். அதுவரை நம்பிக்கையோடு இருந்தவரைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் எழுந்தேன். இரண்டு நாள் கழித்து, தங்கைமார் அழுது மன்றாடி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அளவோடு கால் தப்பியது. அதற்குக் காரணம் தங்கைகளின் அழுகை. என்னுடைய வேத ஆராய்ச்சிக்கு அதில் பங்கில்லை.

அந்த நாளுக்குப் பின், எழுத்தின்படி நம்புகிறேன் என்று சொல்பவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வருவதில்லை. அவர்களுடைய சொல்லில் ஒரு தாழ்மை இருக்கிறது: வேதம் பெரியது, என் புத்தி சிறியது, சிறியதைப் பெரியதற்குள் நுழைக்கமாட்டேன் என்கிற தாழ்மை. ஆனால் அப்படிப்பட்ட வாசகர் ஒருவர் உலகத்தில் இருக்க முடியுமா என்பது என் சந்தேகம். தன் புத்தியை நுழைக்காதவர், தனக்கு முன்னால் நுழைந்துவிட்ட வேறொருவரின் புத்தியைத்தான் தேவ வார்த்தை என்று ஏற்றுக்கொள்கிறார். அட்டை அச்சிட்டவர் வாக்கியத்தின் முன்பாதியை நீக்கியபோதே ஒரு புத்தி வேலை செய்து முடித்துவிட்டது. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனம் இல்லாத வாக்குத்தத்தத் தாம்பாளம் கிடையாது. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் உள்ளது அது. அந்த அதிகாரத்தின் 68 வசனங்களில் முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம். மீதி 54 வசனங்களும் சாபம். தாம்பாளத்தில் கைவிட்டு அந்த 54இல் ஒன்றை எடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அட்டையை விடுங்கள். முழு வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவரின் நிலையும் அவ்வளவு வேறல்ல. நாங்கள் பழைய திருப்புதல் என்று சொல்லும் தமிழ் வேதாகமம், ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்தது. அதற்கு முன் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, பின்பு பப்ரிஷியஸ், பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்று ஒருவர் தோளின்மேல் ஒருவராக ஏறி வந்த வேலை அது. பப்ரிஷியஸ் சொல்லுக்குச் சொல் விடாமல் பெயர்த்தவர். ரேனியஸ் பொருள் விளங்கினால்தான் மொழிபெயர்ப்பு என்று வாதாடி, வேதத்தை மொழிபெயர்க்கும் நெறிகளைப் பற்றி 1827இல் தனியாக ஒரு நூலே எழுதினார். பப்ரிஷியஸுக்குக் கடவுள் பராபரன், 1871இல் தேவன், கத்தோலிக்கரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள். எந்த எழுத்தின்படி நம்புவது என்று கேட்டால், அது எந்த ஆண்டின் எழுத்து என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இது வெறும் சொல்விளையாட்டு என்று தோன்றலாம். நகை அணியாத சபைகள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. பெரியம்மாவின் சபையும் அப்படித்தான். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் தாலிச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். அதற்கு அவர்கள் காட்டும் வசனம் 1 பேதுரு 3:3: "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" கூடாது. பொன்னைக் கழற்றிய அதே பெண்கள் முழங்கால் தொடும் சடையைப் பின்னிக்கொண்டு வந்து அந்த வசனத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். சடை பின்னாத தமிழ்ப் பெண்ணை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாததால், வசனத்தின் முதல் இரண்டு சொற்களுக்குத் தானாகவே விலக்குக் கிடைத்துவிட்டது. இதைவிட ஆச்சரியமான இன்னொன்று அந்த வசனத்தில் இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். "உயர்ந்த வஸ்திரங்கள்" என்பதில் உள்ள "உயர்ந்த" என்ற சொல் கிரேக்க மூலத்தில் இல்லை. வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல் என்று மட்டுமே அங்கே இருக்கிறது. எழுத்தின்படி எடுத்தால் பேதுரு பெண்களை உடை உடுத்த வேண்டாம் என்கிறார். அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று மொழிபெயர்த்தவர் யோசித்தார். யோசித்து ஒரு சொல்லைச் சேர்த்தார். யோசனையே கூடாது என்பவர் கையில் இருக்கும் புத்தகத்துக்குள், அவரைக் காப்பாற்றும் யோசனை ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.

திராட்சரசத்தின் கதை இன்னும் சுவையானது. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். அது சாறுதான், மது அல்ல, தமிழிலேயே "ரசம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறதே என்று கன்வென்ஷன் பந்தலில் ஒரு பிரசங்கியார் அடித்துச் சொன்னதைச் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் ஓய்னோஸ். எபேசியர் 5:18இல் "மதுபான வெறிகொள்ளாமல்" என்று பவுல் எச்சரிக்கும் இடத்தில் இருப்பதும் அதே ஓய்னோஸ். ஒரே சொல் இயேசுவின் கையில் இருக்கும்போது திராட்சரசமாகவும், பாவிகளின் கையில் இருக்கும்போது மதுபானமாகவும் தமிழில் மாறியிருக்கிறது. கானாவூர் விருந்தின் பந்திவிசாரிப்புக்காரன், ஜனங்கள் "திருப்தியடைந்த பின்பு" ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்று சொல்வதாகப் படிக்கிறோம். மூலத்தில் அவன் சொல்வது, அவர்களுக்கு வெறி ஏறிய பின்பு என்பதே. எபேசியரில் "வெறிகொள்ளாமல்" என்று வரும் அதே வினைச்சொல். கள்ளும் சாராயமும் குடும்பங்களை அழிப்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த ஊரில், மொழிபெயர்த்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் குடிப்பவன் அல்லன். ஆனால் அவர்கள் அக்கறையோடு எடுத்த ஒரு முடிவைப் பரலோகத்திலிருந்து இறங்கிய எழுத்தாக்கி, அதன்மேல் உபதேசத்தைக் கட்டுவது வேறு காரியம்.

படைப்பைப் பற்றிய சண்டையிலும் இதே கதைதான். 1925ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்: மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர், வெளியுறவு அமைச்சராக இருந்தவர், வேதத்தின் காவலர் என்று பெயர் பெற்றவர். வெயிலும் கூட்டமும் தாங்காமல் நீதிமன்றத்தைப் புல்வெளிக்கு மாற்றிய ஜூலை 20ஆம் நாள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். யோனாவை மீன் விழுங்கியதா, யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதா, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று கேள்விகள் போயின. பூமி ஆறு நாளில் உண்டானதா என்ற கேள்விக்கு, 24 மணி நேரம் கொண்ட ஆறு நாட்கள் அல்ல என்று பிரையன் பதில் சொன்னார். வேடிக்கை பார்த்த உலகம் அதை அவருடைய தோல்வியாக எழுதியது. எனக்கு அது அவர் அன்று சொன்னவற்றிலேயே மிக நேர்மையான பதிலாகத் தெரிகிறது. எழுத்தின் காவலரும் எழுத்தைப் பொருள்கொண்டுதான் வாசித்துக்கொண்டிருந்தார். அதை ஊரறிய ஒப்புக்கொள்ள ஒரு குறுக்கு விசாரணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆறு நாள் கழித்து அவர் இறந்துபோனார். வலியவன் எளியவனை அழிப்பதற்குப் பரிணாமக் கொள்கை சாக்காகிவிடும் என்று அவர் அஞ்சியதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவனாகமாட்டேன்.

பிரையன் தடுமாறிய இடத்தைச் சபை வெகுகாலத்துக்கு முன்பே நிதானமாகக் கடந்திருந்தது. சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாக்கப்பட்டது. சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வரும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் கேட்டுவிட்டார். நாத்திகர் கேட்ட கேள்வி அல்ல இது; வேதத்தைத் தலைகீழாகக் கற்ற ஒரு விசுவாசி கேட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய அகஸ்டின் இன்னும் கடுமையாகச் சொல்கிறார். வானத்தையும் பூமியையும் நட்சத்திரங்களின் நடையையும் பற்றி விசுவாசியல்லாதவரும் ஆராய்ச்சியால் அறிந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் அபத்தம் பேசினால், தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததில் தவறு சொல்லும் புத்தகத்தை உயிர்த்தெழுதலைப் பற்றி மட்டும் அவர்கள் எப்படி நம்புவார்கள் என்பது அவர் கவலை. எங்கள் ஊர்ப் பள்ளியில் வாரநாட்களில் டார்வினை நடத்திய விலங்கியல் ஆசிரியரே ஞாயிறு பள்ளியிலும் எங்களுக்கு ஆதியாகமத்தை நடத்தினார். இரண்டுக்கும் நடுவே அவர் ஒருநாளும் விழுந்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கேட்டால், "அது எப்படின்னு சொல்லுது, இது யாருன்னு சொல்லுது" என்பார். அந்தப் பதில் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது என்று இப்போது தெரிகிறது. பன்னிரண்டு வயதில் போதுமானதாக இருந்தது.

எழுத்தை எழுத்தாகவே எடுத்து, கடைசிவரை போனவர்களும் உண்டு. அதே டென்னசியில் 1910ஐ ஒட்டி, மாற்கு 16:18இல் "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்று எழுதியிருப்பதை நம்பி, ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் ஜார்ஜ் ஹென்ஸ்லி. 1955இல் பாம்பு கடித்து, வைத்தியம் வேண்டாம் என்று மறுத்து இறந்தார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு பிரதிகளிலும் மாற்கு சுவிசேஷம் எட்டாம் வசனத்தோடு, ஸ்திரீகள் பயந்துபோய் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனதோடு, முடிந்துவிடுகிறது. பாம்பு வரும் வசனமே அவற்றில் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர், சின்னச் சின்னச் சொற்களைக் கிளறுவதால் விசுவாசத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கிளறாததால் வந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். எபேசியர் 6:5இல் "வேலைக்காரரே" என்று தமிழில் நாம் படிக்கும் இடத்தில், மூலத்தில் இருப்பது அடிமைகளே என்ற அழைப்பு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் அந்த வசனத்தை எழுத்தின்படி வாசித்து நிம்மதியாகத் தூங்கினார்கள். தென்மாநிலப் பாப்திஸ்துகள் 1845இல் தனிச் சங்கமாகப் பிரிந்ததே அடிமை முறையை விட மனமில்லாமல்தான். 1995இல் அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். எழுத்து அவர்கள் பக்கம் இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்து நின்றவர்கள் ஒரு வசனத்தை விட்டு முழு வேதத்தின் போக்கைப் பார்த்தவர்கள். நம் பக்கத்துக் கதையைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்று கலாத்தியரில் பளிச்சென்று எழுதியிருக்கிறது. வருமானத்தில் பத்திலொரு பங்கான தசமபாகத்தை எழுத்தின்படி ரூபாய் பைசா பிசகாமல் கொடுக்கும் குடும்பங்கள், கலாத்தியரை மட்டும் ஆவிக்குரிய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, "கிறிஸ்தவ மணமகள் தேவை" என்பதற்குப் பக்கத்தில் சாதியின் பெயரையும் சேர்த்து விளம்பரம் கொடுக்கிறார்கள். உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்பதும் எழுதியிருக்கிறது. அதை எழுத்தின்படி எடுத்த சபை எதுவும் எங்கள் மாவட்டத்தில் கட்டடம் கட்டவில்லை.

தமிழ்நாட்டில் இதைப் பேசுவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பகுத்தறிவு என்ற நல்ல தமிழ்ச் சொல் இங்கே கடவுள் மறுப்போடு சேர்ந்தே காதில் விழுகிறது. ஆலயத்துக்குள் அதைச் சொன்னால், செருப்போடு உள்ளே வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆனால் பவுல் ரோமருக்கு எழுதும்போது, சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைப் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரும்படி அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

அதே மூச்சில், எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க அதிபராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன், முதிய வயதில், கத்தியால் சுவிசேஷங்களை வெட்டி, அற்புதங்களை எல்லாம் நீக்கி, போதனைகளை மட்டும் ஒட்டி 1820இல் ஒரு புத்தகம் செய்துகொண்டார். அது கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைப்பதோடு முடிகிறது. என் இளமையில் அந்தக் கத்தி எனக்குக் கவர்ச்சியாக இருந்தது. இப்போது அவரும் வாக்குத்தத்த அட்டை அச்சிடுபவரும் ஒரே தொழில் செய்வதாகத் தோன்றுகிறது: தங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தரையில் விட்டுவிட்டார்கள். புத்தியோடு வாசிப்பது என்றால், பிடிக்காத வரியையும் பக்கத்தில் உட்காரவைத்து அதோடு பேசுவது என்று நினைக்கிறேன். அதற்குக் கத்தியைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது.

மத்தேயு நான்காம் அதிகாரத்தை அந்தப் பொறுமையோடு வாசித்துப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்திய பிசாசு, தாழக் குதியும் என்கிறான்; பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் கைகளில் ஏந்திக்கொண்டுபோவார்கள் என்று எழுதியிருக்கிறது என்று சங்கீதத்தைக் காட்டுகிறான். அவன் மேற்கோளில் தவறு சொல்ல முடியாது; எழுதித்தான் இருக்கிறது. இயேசுவும் அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக "என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார். அந்த "என்றும்" என்பதில் உள்ள உம்மையைத் தமிழில் போட்ட கைக்கு நான் நன்றி சொல்வேன். ஒரு வசனத்துக்கு எதிரே இன்னொரு வசனத்தை உட்காரவைத்து, இரண்டையும் தாங்கும் பொருள் எது என்று கேட்கும் வேலை முழுவதும் அந்த ஓர் உம்மையில் அடங்கியிருக்கிறது. பெரியம்மாவின் திண்ணையில் எனக்கு அன்று வராமற்போனது அதுதான். "கைக்கொண்டால்" என்று வாசித்துக் காட்டியவன், அதற்கு எதிரே இருப்பதை எடுக்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று பதில் வந்ததும் எழுதியிருக்கிறது. கைக்கொண்டால் சுகம், கைவிட்டால் நோய் என்ற கணக்கோடு யோபுவைச் சுற்றி உட்கார்ந்து பேசிய மூன்று சிநேகிதரைத் தேவன் கடைசியில் கடிந்துகொண்டதும் எழுதியிருக்கிறது. நான் நான்காவது சிநேகிதனாகப் போய் உட்கார்ந்திருந்தேன்.

விரல்களை எடுத்தபின் மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். ஒருநாள் செவிலியர் கட்டு மாற்ற வந்தபோது, பார்க்கச் சகிக்காமல் பெரியம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதாவது வாசி என்றார். வாதத்துக்கென்று எதையும் எடுத்துப் போயிருக்கவில்லை. ஏசாயா 38ஐ வாசித்தேன். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருக்கிறான், அழுகிறான், உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் சொல்லி அனுப்புகிறார். வாக்குத்தத்தம் என்றால் இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் எதுவும் இருக்க முடியாது. அதிகாரத்தின் கடைசியில், ஏறக்குறைய மறந்துபோய்ச் சேர்த்ததுபோல ஒரு வசனம் வருகிறது: அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து, பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள், அப்பொழுது பிழைப்பார் என்று ஏசாயா சொல்லியிருந்தான். பிளவை என்றதும் பெரியம்மா திரும்பிப் பார்த்தார். சீழ் வைக்கும் அந்தப் பெருங்கட்டி என்னவென்று சர்க்கரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருடைய அப்பா இறந்ததே முதுகில் வந்த பிளவையால்தான். "பதினஞ்சு வருசம்னு சொன்னப்புறமும் பத்துப் போடச் சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லாமல் இருக்க அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அட்டை அதே அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. சபையும் அதே சபைதான். போன மாதம் சாட்சிக் கூட்டத்தில் கர்த்தர் தமக்குச் சுகம் கொடுத்ததைக் கால் மணி நேரம் சொன்னாராம். மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன். எனக்குச் சற்றுக் கோபம்தான்.

"லூக்கா வைத்தியர்னு எழுதியிருக்குல்லா?" என்றார். "அவரு சுவிசேஷத்துல எங்கயாவது தான் வைத்தியம் பாத்த கணக்கச் சொல்லியிருக்காரா? ஆளு யாரோட ஆளோ, அவரச் சொன்னாப் போதும்." பிறகு, கரண்டு போய் மூன்று மணி நேரம் ஆகிறது, குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் மருந்து கெட்டுப்போகுமா, இல்லை மண்பானைத் தண்ணீரில் வைக்கட்டுமா என்று கேட்டார்.